மினி டிராக்டர் வாங்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போங்கள்

எங்கள் பக்கம் மினி டிராக்டர் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஹெச்பி?" அடுத்தது, "எவ்வளவு குறைப்பீங்க?" மூன்றாவதாகத்தான் மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையான ரொட்டவேட்டர் பேச்சு வரும், அதுவும் "சேர்த்துப் போட்டுக் குடுங்க" என்கிற அளவில். நானும் இதே வரிசையில்தான் கேட்டேன். 24 ஹெச்பி வண்டியும் ஐந்தடி அகல ரொட்டவேட்டரும் வீட்டுக்கு வந்தன. ஐந்தடி ஏன் என்றால், அன்றைக்குக் கடையில் இருந்தது அதுதான்.

முதல் மழை முடிந்து கரிசலில் இறக்கியதும் கதை தெரிந்துவிட்டது. பத்தடி போகும், கரும்புகை கக்கும், முனகி நிற்கும். ஆழத்தைக் குறைத்தால் புல்லின் தலையைச் சீவுகிறதே தவிர மண் புரளவில்லை. ரொட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினால் முன்சக்கரம் இரண்டும் மண்ணை விட்டு எழும்பிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், வண்டி திரும்பவில்லை. அடுத்த போகத்துக்குள் அந்த ரொட்டவேட்டரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு நான்கடி வாங்கினேன்.

தவறு வண்டியில் இல்லை, நான் வாங்கிய வரிசையில் இருந்தது. முதலில் வேலை, அந்த வேலைக்குக் கருவி, அந்தக் கருவியை இழுக்க வண்டி என்று போயிருக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

ஹெச்பியிலிருந்தே ஆரம்பிப்போம். போர்டில் எழுதியிருப்பது இன்ஜின் ஹெச்பி. ரொட்டவேட்டரைச் சுற்றுவது பிடிஓ ஹெச்பி, அதாவது வண்டியின் பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டுக்கு வந்துசேரும் சக்தி. அது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். 24 என்று எழுதிய இரண்டு கம்பெனி வண்டிகளைப் பக்கத்தில் நிறுத்தினால், பிடிஓவில் மூன்று, நான்கு ஹெச்பி வித்தியாசம் இருக்கலாம். ஆகவே கேட்க வேண்டியது பிடிஓ கணக்கை. விற்பனையாளர் மழுப்பினால் புத்னி ரிப்போர்ட்டைக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் ஒன்றிய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த வண்டியின் பிடிஓ சக்தி, டீசல் செலவு, தூக்கும் திறன் எல்லாம் அந்த அறிக்கையில் அச்சாகியிருக்கும். நோட்டீஸில் இருப்பதை விட அதை நம்பலாம்.

குத்துமதிப்பாகச் சொன்னால் 18 முதல் 22 ஹெச்பி வண்டிக்கு மூன்று அல்லது மூன்றரை அடி ரொட்டவேட்டர், 24 முதல் 28 வரை நான்கடி. ஐந்தடி வேண்டுமென்றால் 35க்கு மேல் போய்விடுங்கள். செம்மண்ணில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், கரிசலில் அரை அடி குறைத்தாலும் தப்பில்லை. கத்தியையும் பார்த்து வாங்க வேண்டும். பொதுவாக எல் வடிவக் கத்தியோடுதான் கொடுப்பார்கள், புல் பூண்டு மண்டிய இடத்துக்கு அது சரி. மண் இறுகிய நிலமென்றால் சி வடிவக் கத்தி பாரத்தைக் குறைக்கும்.

சரி, அகலத்துக்கு வருவோம். "தோப்புக்குன்னா மினிதான்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். 25 அடிக்கு 25 அடி நட்ட தென்னையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி. இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு அடி போனால் நடுவில் பதின்மூன்று அடி மிச்சம். அதில் 45 ஹெச்பி வண்டியே தாராளமாகப் போகும். வெறும் தென்னை மட்டும் வைத்திருப்பவருக்கு அகலத்தை வைத்து மினி தேவைப்படுவதே இல்லை. இளந்தோப்பில் மட்டை தாழ்ந்து தொங்குவதும், வேலி ஓரத்தில் திருப்ப இடம் போதாததும்தான் பெரிய வண்டியைத் தடுக்கும். ஆனால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம்போல நடுவில் கோகோவோ ஜாதிக்காயோ வைத்துவிட்டால் நிலைமை வேறு. அங்கே மினி இல்லாமல் முடியாது.

வாழைக்கு ஆறடி இடைவெளி. மினி வண்டியின் அகலம் மூன்று, மூன்றரை அடிதான், ஆனால் நான்கடி ரொட்டவேட்டரின் வெளி அகலம் அதைவிட அதிகம், பக்கவாட்டுத் தகடும் கியர் பெட்டியும் சேர்ந்துவிடும். ஷோரூமில் பெரும்பாலும் வண்டியின் அகலத்தை மட்டும் சொல்வார்கள். வாங்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு போய் மிகக் குறுகலான சால், படல், வாய்க்கால் பாலம், சொட்டுநீர்க் குழாய் போகும் இடம் எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். வாழை இலை விரிந்து மூடிய பிறகு எந்த மினியும் உள்ளே போகாது, அதற்குக் கையால் பிடித்து ஓட்டும் களையெடுக்கும் மெஷினான பவர் வீடர்தான்.

தூக்கும் திறன் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுவார்கள். 750 கிலோ என்று போட்டிருந்தால், அது கருவியை மாட்டும் கீழ்க்கையின் நுனியில் தூக்குகிற கணக்கு. கருவியின் எடை அங்கேயா உட்கார்ந்திருக்கிறது? இரண்டு மூன்றடி பின்னால் தள்ளி இருக்கிறது. தள்ளத் தள்ளத் திறன் குறையும். அதோடு, ஹைட்ராலிக்கால் தூக்க முடிகிறது என்பதற்காக முன்பக்கம் மண்ணில் ஊன்றி நிற்கும் என்று அர்த்தமில்லை. முழு எடையே ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும் வண்டிக்கு இருநூறு கிலோவுக்கு மேல் பின்னால் தொங்கவிட்டால், என் முன்சக்கரம் எழுந்த மாதிரிதான் எழும். முன்னால் வெயிட் மாட்டுங்கள். வெயிட்டின் விலையையும் பேரத்திலேயே பேசிவிடுவது நல்லது.

பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பெரிய வண்டிக் கருவிகளை இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மினியின் கீழ்க்கைப் பின் 22 மில்லிமீட்டர், பெரிய வண்டிக்கு 28. துளை பொருந்தினாலும் அகலம் பொருந்தாது. ஒன்பது கொழு கலப்பையை மினிக்கு மாட்டிப் பார்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். மண்ணைக் கீறியதை விடச் சக்கரம் வழுக்கியதுதான் அதிகம். மினிக்கு ஐந்து கொழு போதும்.

வண்டியிலிருந்து கருவிக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிடிஓ ஷாஃப்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே செய்யும் தவறு கியர்பாக்ஸையே உடைக்கும். ஷாஃப்ட் இரண்டு குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று. கருவியை ஏற்றி இறக்கும்போது இவை சுருங்கி நீளும். வேறு வண்டிக்கு வந்த ஷாஃப்டை அப்படியே மாட்டினால், ஏதோ ஒரு உயரத்தில் முழுக்கச் சுருங்கி, உள்ளே இடமில்லாமல் முட்டி, வண்டியின் பிடிஓ பேரிங்கை நெட்டித்தள்ளும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஹைட்ராலிக்கை மேலும் கீழும் அசைத்து, ஷாஃப்ட் மிகவும் சுருங்கும் இடத்திலும் ஓர் அங்குலமாவது இடைவெளி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இரண்டு குழாயையும் சமமாக வெட்ட வேண்டும். டிரைவர் திருப்பும்போது பிடிஓவை நிறுத்தாமலே ரொட்டவேட்டரை உச்சிக்குத் தூக்குகிறாரா என்றும் கவனியுங்கள். கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் தேயும் சத்தம் அது.

ஃபோர்வீல் டிரைவ் வேண்டுமா என்றால், சேறும் சரிவும் உள்ள நிலத்துக்கு யோசிக்காமல் வாங்குங்கள். ஆனால் தார் ரோட்டில் அந்த இணைப்பை விடுவித்துவிட வேண்டும், முன்டயர் சீக்கிரம் வழுக்கையாகும். டயர் மாற்றும்போது சைஸைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் சுற்றும் விகிதத்தைக் கணக்குப் பண்ணித்தான் உள்ளே பல்சக்கரம் வைத்திருக்கிறார்கள். அது மாறினால் முன் அச்சு பின் அச்சோடு மல்லுக்கட்டும்.

அப்புறம், எல்லாக் கருவியையும் சொந்தமாக வாங்கும் ஆசை. நான்கடி ரொட்டவேட்டர், மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகம். திருப்புவது, உழுத இடத்தின்மேலேயே கொஞ்சம் மறுபடி விழுவது எல்லாம் போக மணிக்கு அரை ஏக்கரைக் கொஞ்சம் தாண்டும். ஐந்து ஏக்கரை இரண்டு உழவு ஓட்டப் பதினெட்டு மணி நேரம். வருஷம் இரண்டு போகம் என்றாலும் நாற்பது மணி நேரம் தேறாது. உங்கள் ஊரில் மணிக்கு வாடகை எவ்வளவோ அதால் பெருக்கி, வங்கித் தவணையோடு வைத்துப் பாருங்கள். பல பேருக்கு வாடகைதான் லாபம். நேரத்துக்கு வண்டி கிடைப்பதில்லை என்பது நியாயமான காரணம், அதற்காக வாங்கலாம். ஆனால் பெட்டிக்குள் கிடக்கும் கருவிக்கும் சேர்த்து வட்டி கட்டாதீர்கள். குழி தோண்டும் மெஷினையும் மட்டை அரைக்கும் மெஷினையும் நான் வாடகைக்குத்தான் எடுக்கிறேன். ரொட்டவேட்டர் மட்டுமே ஓட்டிய நிலத்தில் கத்தி படும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகிப்போகும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உளிக் கலப்பை போட்டால்தான் அது உடையும். மினியால் அதை இழுக்க முடியாது. பெரிய வண்டிக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

பணம் கட்டும் இடத்தில் இரண்டு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் கருவிகளுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் வாங்கியவர் சொல்லும் விலையை வைத்துப் பேரம் பேசாதீர்கள். மானியம் வேண்டுமென்றால் வேளாண்மைப் பொறியியல் துறையில் முதலில் விண்ணப்பியுங்கள். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும், அதுவும் துறையின் பட்டியலில் உள்ள மாடலுக்கு மட்டும். ஒப்புதல் வருவதற்குள் அவசரப்பட்டு முழுப் பணத்தைக் கட்டி வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, பிறகு பில்லைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். நல்ல நாள் பார்த்து வண்டி எடுத்தார்களாம். மானியம் மட்டும் வரவில்லை.