இட்லி வேகும் நேரத்தில் ஒரு படம்

கொடைக்கானலில் ஐப்பசி பிறந்துவிட்டால் என் மேசையில் எதுவும் சீக்கிரம் காயாது. நீர்வண்ணத்தில் ஒரு பூச்சு பூசினால் அடுத்த பூச்சுக்கு அரை நாள் காத்திருக்க வேண்டும். தாள் ஈரம் குடித்து, நமத்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். ஜன்னலைத் திறந்தால் நாயுடுபுரம் தெரியாது, மூடுபனிதான் தெரியும். இந்த மாதங்களில்தான் எனக்கு வரையவே மனம் வராது. ஆனால் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவதுதான் என் பிழைப்பு. பிடித்தபோது மட்டும் வரைந்தால் வீடு நடக்காது. பதினோரு வருஷமாக எனக்குக் கைகொடுத்தவற்றை இங்கே எழுதுகிறேன். கதை எழுதுகிறவர்களும் பாட்டு கட்டுகிறவர்களும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் நேரத்தைச் சுருக்குங்கள். ‘இன்றைக்கு இரண்டு மணி நேரம் வரையணும்’ என்று நினைத்தாலே உடம்பு கனத்துவிடும். நான் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு உட்காருவேன். வேக பத்து, பன்னிரண்டு நிமிஷம். வெந்ததும் எழுந்துவிடலாம் என்பது எனக்கு நானே கொடுத்த வாக்கு. அதை மீறுவதில்லை. தாளும் உள்ளங்கை அளவுதான். என்ன வரைவது என்று யோசிக்கக் கூடாது. கண்ணெதிரே கிடப்பதை வரைய வேண்டும்.

போன கார்த்திகையில் அப்படிக் கிடந்தது ஒரு பூம்பாறைப் பூண்டு. ஒன்பது நாள் அதையே வரைந்தேன். முதல் நாள் வெறும் உருண்டை. மூன்றாம் நாள்தான் தோலின் கோடுகள் கண்ணில் பட்டன. வேரடியில் அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போக நெருங்கி, கழுத்தில் புடவைக் கொசுவம் போல ஒடுங்குகின்றன. தோல் உரிந்த இடத்தில் பல்லின் மேல் இன்னொரு மெல்லிய தோல், எண்ணெய் பட்ட தாள் போல மினுங்கியது. ஆசை வந்தபிறகு வரையலாம் என்று உட்கார்ந்திருந்தால் அதை நான் பார்த்திருக்கவே மாட்டேன். எனக்கு எப்போதும் கை முன்னால் போகும், ஆசை பின்னால் வரும்.

அந்த மினுக்கத்தை அன்றே தீட்டிவிடத் துடித்தேன். ஆனாலும் எழுந்துவிட்டேன். தயிரை முழுவதும் வழித்துச் சாப்பிடாமல் நாளைக்கு உறை ஊற்ற ஒரு கரண்டி எடுத்து வைப்போமே, அதுபோல வேலையிலும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அடுத்து என்ன செய்யணும் என்று தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினால், மறுநாள் வெறும் தாள் முன்னால் திகைத்து உட்கார வேண்டியதில்லை.

எங்கள் ஊர் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். இந்த மலையில் எத்தனை நாள் சூரியன் முகம் காட்டாது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மேகம் மூடிய நாளில் படம் இருக்காது. வானம் தெளிந்ததும் மறுபடி எடுத்திருக்கிறார்கள். இடைவெளிகளோடுதான் அந்த வரிசை நூறு ஆண்டைத் தாண்டி நீள்கிறது. இதை அறிந்த நாளிலிருந்து நான் வரையாத தேதியில் காலண்டரில் ‘மேகம்’ என்று எழுதுகிறேன். காரணம் எழுதுவதில்லை. அடுத்த நாள் இரண்டு மடங்கு வரைந்து ஈடுகட்டவும் முயல்வதில்லை. அந்தக் கடன் கணக்குதான் ஆளை அடியோடு நிறுத்திவிடும்.

சுத்தமாக முடியாத நாளில் தாள் வெட்டுங்கள், தூரிகை கழுவுங்கள், பென்சில் சீவுங்கள். அதுவும் வேலைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஒரு பதிப்பகம் என்னிடம் பதினாறு படங்களை வாங்கிக்கொண்டு புத்தகத்தையே கைவிட்டது. மூன்று மாதம் தூரிகையைத் தொடவில்லை. தூக்கமும் போனது, சாப்பாடும் ருசிக்கவில்லை. அப்போது இட்லிக் கணக்கெல்லாம் உதவவில்லை; மருத்துவரிடம் பேசியதுதான் உதவியது. உங்களுக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மற்ற நாட்களுக்கு இன்று இரவே ஒரு ஏற்பாடு. உள்ளங்கை அளவில் ஒரு தாள் வெட்டி, சீவிய பென்சிலோடு அடுப்படியில் வையுங்கள், மேசையில் வேண்டாம். இட்லிப் பானைக்குப் பக்கத்தில், ஆவி படாத பக்கமாக.