பழைய 1911 கைத்துப்பாக்கி சுடாமல் ‘டிக்’ என்றால் முதலில் ப்ரைமரைப் பாருங்கள்

ட்ரிகரை இழுத்தால் ‘டிக்’ சத்தம் மட்டும் வருகிறதா? குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி பொறுங்கள். சில ப்ரைமர் (தோட்டாவின் அடியில் அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தாமதமாகப் பற்றும். பிறகு மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதி) இழுத்துத் தோட்டாவை எடுங்கள். ‘டிக்’குக்குப் பதில் ‘புஸ்’ என்று மெலிந்த சத்தம் கேட்டிருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். குழலைக் கழற்றிப் பார்க்காமல் அடுத்ததை ஏற்றவே கூடாது.

இனி தோட்டாவின் அடிப்பக்கம். ப்ரைமரில் நல்ல ஆழமான குழி இருந்தும் வெடிக்கவில்லையா? துப்பாக்கியை விட்டுவிடுங்கள், கோளாறு தோட்டாவில். குழியே இல்லையென்றால் ஃபயரிங் பின் (ப்ரைமரைக் குத்தும் ஊசி) உடைந்திருக்கும், அல்லது இறுகியிருக்கும்.

பெரும்பாலும் காண்பது ஆழமில்லாத குழிதான். 1911-இன் ஃபயரிங் பின் அதன் துளையைவிடக் குட்டை. ஹேமர் (பின்னை அடிக்கும் சுத்தி) படுத்திருந்தாலும் அதன் முனை ப்ரைமரைத் தொடாது. அடி வாங்கிய வேகத்தில் பறந்துபோய்த்தான் குத்த வேண்டும். துளைக்குள் காய்ந்த எண்ணெயும் பித்தளைத் தூளும் சேர்ந்தால் அந்த வேகம் செத்துவிடும். ஸ்லைடைக் கழற்றி, பின்னின் வாலை மெல்லிய கம்பியால் உள்ளே அழுத்தியபடி பின்னைப் பிடித்து நிறுத்தும் ஸ்டாப் தகட்டைக் கீழே நகர்த்துங்கள். துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் துள்ளி மேசைக்கடியில் போய்விடும். கரைப்பானில் கழுவித் துடைத்து உலர்வாக மாட்டுங்கள். உள்ளே எண்ணெய் விட்டால் மறுபடி அதே கதை.

அடுத்து ஹேமரை அடிக்க வைக்கும் மெயின்ஸ்பிரிங். ஆலை அளவு 23 பவுண்டு. ட்ரிகர் லேசாக வேண்டுமென்று 19 பவுண்டு போட்டவர்களும் உண்டு, சுருளை வெட்டியவர்களும் உண்டு. கைமாறி வந்த துப்பாக்கியில் இதை நிச்சயம் சந்தேகப்படுங்கள். பழைய பென்சில் சோதனை போதும்: மேகசினும் சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, குழலை மேல்நோக்கிப் பிடித்து, ரப்பர் முனை கீழே இருக்கும்படி பென்சிலை உள்ளே விடுங்கள். முகத்தை விலக்கி ட்ரிகரை இழுத்தால் பென்சில் குழலைவிட்டு வெளியே துள்ள வேண்டும். சோம்பலாக அசைந்து உள்ளேயே விழுந்தால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

முதல் அடியில் சுடாத தோட்டா இரண்டாம் அடியில் சுடுகிறதா? ப்ரைமர் முழுதாக உட்காராமல் இருந்திருக்கும், அல்லது ஸ்லைடு மயிரிழை திறந்தே நின்று, ஹேமரின் பலத்தில் பாதி அதை மூடவே செலவாகியிருக்கும். சேம்பர் அழுக்கு, ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் (16 பவுண்டு) தளர்ந்திருப்பது, அதிகம் வளைந்து இறுகிய எக்ஸ்ட்ராக்டர் (உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி) மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். எக்ஸ்ட்ராக்டரை வளைத்துச் சரிசெய்வதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடலாம். ஒருமுறை அதிகம் தளர்த்திவிட்டால் அடுத்த தொல்லை, காலி உறை வெளியே வராது.