உளுந்து வெளுத்தால் யூரியா வீசாதீர்கள், வேரைப் பாருங்கள்

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு எதைப் போட்டாலும் நம்மவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு, பயிர் 15, 20 நாளில் லேசாக வெளுத்ததும் யூரியாவைத் தூக்கி வீசுவதுதான். அந்த வயதில் வேர் முடிச்சு அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும், உள்ளே இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது இன்னும் சூடுபிடித்திருக்காது, பல நேரம் வெளுப்புக்கு இதுவே காரணம். யூரியா விழுந்தால் செடிக்கு முடிச்சு தேவையில்லாமல் போய்விடுகிறது, பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்ப்பதைக் குறைத்துக்கொள்கிறது. மானாவாரி உளுந்துக்கு அடியுரமாக ஏக்கருக்கு 5 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) போதும். மணிச்சத்தில்தான் (பாஸ்பரஸ்) கஞ்சத்தனம் கூடாது, முடிச்சு வேலை செய்ய அது வேண்டும்.

அடுத்தது விதை நேர்த்தி, அதாவது விதைக்கும் முன் ரைசோபியத்தைக் கஞ்சியில் கலந்து விதையில் பூசுவது. ரைசோபியம் பாக்கெட்டில் இருப்பது உயிர், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வெயிலில் கிடந்த பாக்கெட், தேதி முடிந்த பாக்கெட், சூடு ஆறாத கஞ்சியில் கலந்தது எல்லாம் வீண். பூஞ்சாணக் கொல்லி கலப்பதாக இருந்தால் ஒரு நாள் முன்பே கலந்துவிட்டு, மறுநாள் ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே விதைத்துவிடுங்கள். சோயாவுக்கு என்று விற்கும் பாக்கெட்டை உளுந்துக்கு வாங்காதீர்கள், பயிருக்குப் பயிர் பாக்டீரியா வேறு.

சரி, முடிச்சு பிடித்ததா என்று எப்படிப் பார்ப்பது? செடியைப் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் மண்ணிலேயே உதிர்ந்துவிடும், அப்புறம் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டுவோம். பூக்கும் சமயத்தில் மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசி, சில முடிச்சுகளை நகத்தால் கீறுங்கள். உள்ளே ரத்தச் சிவப்போ இளஞ்சிவப்போ இருந்தால் வேலை நடக்கிறது. லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம் அது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் எண்ணிக்கை எவ்வளவு இருந்தும் பயனில்லை. காய் முற்றிய பிறகு பார்த்தால் நல்ல முடிச்சும் பழுப்பாகத்தான் தெரியும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

வீக்கம் எல்லாம் முடிச்சும் அல்ல. ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் கழன்று வரும். வேரே தடித்து உருண்டிருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழு என்ற நுண்ணிய புழுவின் வேலை.

வயலில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், காற்று போகாத வேரில் முடிச்சு வேலை செய்யாது.

பயறு போட்டால் அடுத்த பயிருக்கு உரமே வேண்டாம் என்பதும் தவறான கணக்கு. பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி பருப்புக்குள் போய்விடுகிறது, மீதியையும் செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் மண்ணுக்கு என்ன மிஞ்சும்? அரிவாளால் அடியில் அறுத்து வேரை நிலத்தில் விடுங்கள், போரடித்த பிறகு மிஞ்சும் பொட்டில் (காய்த்தோல், தண்டு, இலை) மாடு தின்றது போக மீதியை வயலுக்கே திருப்பிக் கொடுங்கள்.