நகர மத்தியைப் புதுப்பிக்க முன் யார் யாரோடு, எப்படிப் பேசுவது: மட்டக்களப்புக்கு ஒரு செய்முறை

சந்தைக் கட்டிடத்தைத் திருத்துவது, பஸ் நிலையத்தை இடம் மாற்றுவது, வாவிக்கரையில் நடைபாதை போடுவது என்று எந்தத் திட்டம் வந்தாலும் அறிக்கையில் "பங்குதாரர் கலந்துரையாடல் நடத்தப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் அநேகமாக மண்டபத்தில் ஒரு காலைக் கூட்டமும் சங்கத் தலைவர்கள் நாலைந்து பேரின் உரையும்தான். இடம் இழக்கப் போகிறவர் அந்த மண்டபத்தில் இருக்கமாட்டார். அந்த நேரம் அவர் வியாபாரத்தில் நிற்பார்.

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் தெரிவான புதிய உறுப்பினர்களுக்கும், சங்கச் செயலாளர்களுக்கும், இந்த வேலை கையில் தரப்பட்ட தம்பி தங்கச்சிமாருக்கும் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு நகர மத்தியான புளியந்தீவின் சந்தைச் சுற்றை எடுத்திருக்கிறேன். ஏறாவூர், காத்தான்குடி, கல்முனைக்கும் முறை ஒன்றுதான்.

1. இடம் யாருடையது என்று முதலில் பாருங்கள்

நகர மத்தியில் பத்தடிக்கு ஒரு சொந்தக்காரர். ஏ4, ஏ15 போன்ற பெரு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை, உள் வீதிகள் மாநகர சபைக்கு. வாவியோரம் என்றால் கரையோரம் பேணல் திணைக்களம், கோட்டைப் பக்கம் என்றால் தொல்லியல் திணைக்களம். மின்கம்பத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வேறு வேறு ஆட்கள். இதை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். மக்களிடம் "நடைபாதையை அகலமாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அந்த வீதியில் கை வைக்கச் சபைக்கு அதிகாரமில்லை என்று பிறகு சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

வரைபடம் கைக்கு வரவில்லையா? 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தமிழ்ப் பிரதி வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஆங்கில வரைபடத்தை வைத்துக்கொண்டு மீன் சந்தையில் பேச முடியாது.

2. பட்டியல். இங்கேதான் எல்லாம் கெடும்

சபையிலுள்ள கடை ஒப்பந்தப் பதிவேட்டைக் கொப்பி எடுத்து அதுதான் பட்டியல் என்று நினைப்பது வழக்கம். அதில் உள்ளது ஒப்பந்தக்காரர் பெயர். கடையை நடத்துபவர் உள்வாடகைக்கு எடுத்த வேறொருவராக இருக்கலாம். ஒப்பந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். புதிய கட்டிடத்தில் கடைகளைப் பங்கிடும் நாளில் இந்த இருவரும்தான் மோதுவார்கள். ஆகவே ஒவ்வொரு கடை இலக்கத்துக்கும் மூன்று நிரல் போடுங்கள்: ஒப்பந்தம் யார் பெயரில், நடத்துவது யார், வேலைக்கு நிற்பது எத்தனை பேர்.

அடுத்தது பதிவேட்டிலேயே இல்லாதவர்கள். இவர்களைக் கண்டுபிடிக்க ஒரே வழி ஐந்து வேளை நடப்பது: விடிய 5 மணி, காலை 10, மதியம் 1, மாலை 5, இரவு 9. ஒரு சாதாரண நாளிலும் ஒரு வெள்ளிக்கிழமையிலும் நடங்கள். விடிய ஐந்துக்கு லொறியில் மரக்கறி இறக்கும் நாட்டாமிமாரைப் பத்து மணிக்குக் காண முடியாது. மாலை ஐந்துக்குக் கடலை வண்டி நிற்கும் இடம் மதியம் வெறும் வெயில். தயிர்ச் சட்டி விற்பவர், லொத்தர் விற்பவர், ஓட்டோ தரிப்பிடத்துப் பிள்ளைகள், சுத்திகரிப்புத் தொழிலாளர், வாவியில் தோணியோடு வருபவர், பஸ்ஸுக்கு நிற்கும் பாடசாலைப் பிள்ளைகள், அந்தச் சந்துகளிலேயே தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ், பறங்கியர் குடும்பங்கள் என்று பட்டியல் நீளும். நீளட்டும்.

பட்டியல் எழுதும்போது அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். உள்வாடகைக்காரரும் நடைபாதை வியாபாரியும் அதைக் கேட்ட உடனே வாயை மூடிக்கொள்வார்கள், ஏனென்றால் அந்தத் தாள் எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரியாது. நின்ற இடத்துக்கு ஓர் இலக்கம் கொடுத்தால் போதும். கூட்டத்துக்கும் இதே விதிதான். தேநீர்ச் செலவுக்குக் கையொப்பத் தாள் வேண்டும் என்று கணக்குப் பிரிவு நிற்கும். தலை எண்ணிக்கையும் ஒரு படமும் போதும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. சிறு குழுக்கள்

ஒரு குழுவில் 8 முதல் 12 பேர், ஒன்றரை மணித்தியாலம். ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் சத்தமாகப் பேசியவரின் கருத்துத்தான் தாளில் இருக்கும்.

தமிழர் குழு, முஸ்லிம் குழு என்று பிரிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தொழிலாலும் வரிசையாலும் பிரியுங்கள். மீன் வரிசையில் நிற்கும் இருவருக்கும் ஐஸ், வடிகான், நாற்றம், லொறி என்று பிரச்சினை ஒன்றுதான். அதைப் பேசத் தொடங்கினால் பெயர் முக்கியமில்லாமல் போகும். கோயில் வீதி, பள்ளிவாசல் வாசல் போன்ற இடங்களைத் தொடும் திட்டமென்றால் மட்டும் அந்தந்தப் பரிபாலன சபையோடு தனியாக இருந்து பேசுங்கள்.

கடைக்காரருக்குக் கடை பூட்டிய பிறகு, மீனவருக்குப் பின்னேரம். வெள்ளி நண்பகலில் எதுவும் வேண்டாம். தீபாவளி, பொங்கல், ரமழானுக்கு முந்திய வாரங்களில் வியாபாரிகளைக் கூப்பிடுவது அநியாயம். மார்கழி மழைக்குள்ளும் வைக்காதீர்கள். மரக்கறி விற்கும் பெண்களைக் கூட்டத்துக்கு அழைக்கவே வேண்டாம். நீங்கள் அவர்களின் சாக்குக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். பெண் உறுப்பினர் ஒருவரோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தவர் ஒருவரோ கூட வந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

கேள்வி மூன்றே மூன்று: இங்கே எது போகக்கூடாது? எது உங்களை நாளாந்தம் கஷ்டப்படுத்துகிறது? கட்டிட வேலை நடக்கும்போது எங்கே நிற்பீர்கள்? "உங்கள் கனவு நகரம் எப்படி?" என்று கேட்டால் மேம்பாலமும் நீரூற்றும் வரும், வடிகான் வராது.

4. வரைபடம்

ஏ1 தாளில் 1:500 அளவில் அச்சிட்டால் ஏறக்குறைய 420 மீற்றர் நீளமும் 297 மீற்றர் அகலமும் அடங்கும். சந்தைச் சுற்றைப் பார்க்க அது போதும். ஆனால் அதில் 3 மீற்றர் முகப்புள்ள கடை 6 மில்லிமீற்றர்தான். எட்டு மில்லிமீற்றர் வட்ட ஸ்டிக்கர் ஒட்டினால் பக்கத்துக் கடையும் மறைந்துவிடும். கடை கடையாகப் பேசுவதற்கு 1:250 எடுங்கள். வரைபடத்தின் மேல் ட்ரேசிங் தாள் விரித்து, குழுவுக்கு ஒரு நிறம். பிறகு எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எங்கே இழுபறி என்று தெரியும்.

அடிப்படை வரைபடத்துக்கு ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்ற இணைய வரைபடமும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் போதும், காசு வேண்டாம். தனியாள் கணக்கெடுப்புக்கு கோபோ டூல்பொக்ஸ் என்ற படிவச் செயலி. இணையம் இல்லாமலும் வேலை செய்யும், தமிழிலும் படிவம் போடலாம். கூகுள் படிவத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருப்பது கலந்துரையாடல் இல்லை. பதில் வருவது நகரத்தில் கடையே இல்லாதவர்களிடமிருந்துதான்.

5. சுண்ணாம்புக் கோடு

வரைபடம் புரியாதவரை அறிவில்லாதவராக நினைக்காதீர்கள். திட்டத்தை நிலத்தில் கீறிக் காட்டுங்கள். நைலோன் கயிறு, அளவு நாடா, ஒரு சாக்குச் சுண்ணாம்புத் தூள். ஒரு ஞாயிறு பின்னேரம், பொலிசுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, புதிய நடைபாதையின் ஓரம் எங்கே வரும் என்று கோடு போடுங்கள். ஓர் அங்காடி வியாபாரிக்கு ஒதுக்கிய 1.2 மீற்றருக்கு 1.8 மீற்றர் பெட்டியையும் கீறுங்கள். அந்தப் பெட்டிக்குள் மீன்காரரைத் தராசு, வெட்டுக் கட்டை, ஐஸ் பெட்டி, குடை எல்லாவற்றோடும் நிற்கச் சொல்லுங்கள். வாங்க வருபவர் வீதியில் நிற்க வேண்டி வந்தால் பெட்டி சிறிது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஓர் ஓட்டோ ஏறத்தாழ 1.3 மீற்றர் அகலம். சக்கர நாற்காலி போகக் குறைந்தது 90 சென்ரிமீற்றர், திரும்ப 1.5 மீற்றர். இரண்டையும் கோட்டுக்குள் விட்டுப் பாருங்கள்.

அதே நாளில் வெள்ள அளவையும் எடுங்கள். வீதிக்குக் கல் பதித்து உயர்த்தினால் கடைப்படி தாழ்ந்துவிடும், அடுத்த வடகீழ்ப் பருவ மழைக்கு வீதித் தண்ணீர் கடைக்குள். எந்த மழைக்கு எவ்வளவு ஏறியது என்று கடைக்காரர் கதவு நிலையில் விரலால் காட்டுவார். படியிலிருந்து அந்த விரல் வரை அளந்து, கடை இலக்கத்தோடு எழுதி, பொறியியலாளரிடம் கொடுங்கள். எந்த ஆலோசகர் அறிக்கையிலும் இந்தத் தகவல் கிடைக்காது.

6. பதில் அட்டவணை

கேட்டவற்றுக்குப் பதில் சொல்லாவிட்டால் மேலே செய்த எல்லாம் வீண். ஐந்து நிரல்: சொன்ன கருத்து அவர்களின் சொல்லிலேயே, எந்தக் குழு, ஏற்றதா இல்லையா, ஏன், யார் பொறுப்பு. "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். முடியாது என்றால் முடியாது என்றே எழுதிக் காரணத்தையும் போடுங்கள். இரண்டு வாரத்துக்குள் சந்தை வாசலிலும், கோயில், பள்ளிவாசல், தேவாலய அறிவித்தல் பலகைகளிலும் ஒட்டுங்கள்.

தற்காலிக இடம் பற்றிய பதில் தனிக் கடிதமாக வர வேண்டும்: கடை இலக்கம், சதுர அடி, வாடகை, எத்தனை மாதம், திரும்பி வரும்போது எந்தக் கடை. மேடையில் சொன்ன வாக்குறுதிக்கு ஆள் மாறினால் மதிப்பில்லை.

பிற்சேர்க்கை

"நகர அபிவிருத்தி அதிகார சபை எப்படியும் மக்களிடம் கேட்கத்தானே வேண்டும், பிறகு இதெல்லாம் ஏன்?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். 1978 இன் 41 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அபிவிருத்தித் திட்ட வரைவு 60 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும், எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். ஆனால் அப்போது வரைவு முடிந்திருக்கும், மாறுவது ஓரங்கள்தான். மேலே சொன்ன ஆறு படியும் வரைவுக்கு முன். அந்த 60 நாளில் உங்கள் பதில் அட்டவணையை வரைவோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, விடுபட்டதை மட்டும் ஆட்சேபமாகக் கொடுங்கள்.

இன்னொன்று: கூட்டத்தை அரசியல்வாதி ஒருவர் கையில் எடுத்தால் என்ன செய்வது? முதல் ஐந்து நிமிடத்தைக் கொடுத்துவிட்டு, குழுக்களை வேறு வேறு மூலைக்குப் பிரியுங்கள். சிறு குழுவில் மேடை கிடையாது. எழுதிய தாள்களைப் படம் எடுத்து அன்றிரவே குழுவிலிருந்த இருவருக்கு அனுப்பிவிடுங்கள், மூலப் பிரதி ஒன்றைப் பொது நூலகத்தில் வையுங்கள்.