காலையில் விரல் மடங்கியே நிற்கிறதா?

தூங்கி எழுந்ததும் அம்மாவின் மோதிர விரல் மடங்கியபடியே நிற்கும். மற்ற கையால் நிமிர்த்தினால் ‘டக்’கென்று விடுபடும். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிட்டோம், வலிதான் கூடியது. தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

இதன் பெயர் ட்ரிகர் ஃபிங்கர். விரலை மடக்கும் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நார், ஓர் உறைக்குள் வழுக்கிப் போய்வரும். உறையின் வாய் தடித்துவிட்டால் நாண் அங்கே சிக்கிக்கொள்ளும். விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் லேசாக அழுத்தியபடி மடக்கி நீட்டிப் பாருங்கள். பட்டாணி போல ஒரு முடிச்சு நகர்வது பலருக்குத் தட்டுப்படும். மருத்துவரும் பெரும்பாலும் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

துணி பிழிவது, தேங்காய் துருவுவது போன்ற இறுக்கிப் பிடிக்கும் வேலைகளைச் சில வாரங்கள் குறையுங்கள். இரவில் விரலை நீட்டிவைக்கும் ஸ்ப்ளின்ட் (விரலை மடங்காமல் தாங்கும் பட்டை) உதவும். அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி பலருக்கும் நன்றாகக் கேட்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறலாம், அதனால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஊசிக்கும் தீராவிட்டால், கையை மட்டும் மரத்துப்போகச் செய்து உறையின் வாயைத் திறந்துவிடும் சிறிய அறுவை சிகிச்சை உண்டு. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

விரல் சிவந்து வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அது வேறு. உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.