கிரியோல் படிக்கிறவங்க கை, கால், கண்ணு வார்த்தைல பண்ற தப்பு

கிரியோல்னா இங்கிலீஷோட வேற பாஷைங்க கலந்து உருவான பாஷை, மொதல்ல அதுல எந்த கிரியோல்னு பாத்துக்கோங்க. நெட்ல தேடுனா மத்திய அமெரிக்கா பெலிஸ்ல பேசுறதும் வரும், ஆஸ்திரேலியா வடக்குல கேத்தரின், நுகுர் பக்கம் பேசுறதும் வரும், பேரு ஒண்ணுதான் ஆனா பாஷை வேற வேற. ஆஸ்திரேலியால 'பிங்கா'ன்னா விரலும் அதுதான் கையும் அதுதான், பெலிஸ்ல கைக்கு 'ஹான்'. ரெண்டு நோட்ஸையும் கலந்துட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது. கீழ சொல்றதெல்லாம் பெலிஸ் கிரியோல் பத்தி.

நெறைய பேர் சறுக்குறது இங்கதான்: ரெண்டு இருக்கேன்னு இங்கிலீஷ் பழக்கத்துல கடைசில 'ஸ்' ஒட்டிடுறாங்க. ஒரு கண்ணுன்னாலும் 'யாய்', ரெண்டு கண்ணுன்னாலும் 'டூ யாய்', வார்த்தை மாறவே மாறாது. சரி, பன்மைக்கு 'டென்' இருக்கே, 'டி ப்வாய் டென்'னா பசங்கன்னு அர்த்தமாச்சேன்னு அதை எல்லா இடத்துலயும் போடாதீங்க, எண்ணு வந்துட்டா அது தேவையில்ல. 'வாஷ் யு ஹான்'னா ஒரு கைய மட்டும் கழுவுன்னு யாரும் நெனைக்க மாட்டாங்க. நாம மட்டும் "கைகளைக் கழுவிட்டு வா"ன்னா சொல்றோம்? ஒரு பக்கம்தான்னு சொல்லணும்னா 'லெஃப் ஹான்', 'ரைட் ஹான்'.

இத உடைஞ்ச இங்கிலீஷ்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு நெஜமாவே கோவம் வருது. 1995ல நேஷனல் கிரியோல் கவுன்சில் ஆரம்பிச்சு, எழுத்து முறைய ஒழுங்குபண்ணி, 2007ல டிக்‌ஷனரியே போட்ருக்காங்க.

இன்னொண்ணு, 'ஃபுட்'னா பாதம் மட்டும்னு எடுத்துக்கிறது. தொடைல இருந்து பாதம் வரைக்கும் மொத்தமும் 'ஃபுட்'தான், அதே மாதிரி 'ஹான்'ல தோளுக்குக் கீழ எல்லாமே அடக்கம். மேற்கு ஆப்பிரிக்க பாஷைங்கள்ல இது சகஜம், நைஜீரியால பேசுற இக்போல 'அகா'ன்னா முழுக் கையும்தான். பெலிஸ் சிட்டில ஈபோ டவுன்னு ஒரு பகுதியே இருந்துச்சு, அடிமையா கொண்டு வந்த இக்போ மக்கள் பேர்ல. தமிழ்லயும் 'கால்' அப்படித்தான்ங்கிறதால நமக்கு இது ஈஸி, தடுமாறுறது இங்கிலீஷ் வழியா யோசிக்கும்போதுதான்.

ஆஸ்பத்திரி வேலைக்கோ மொழிபெயர்க்கவோ போறவங்க இத கட்டாயம் கவனிங்க. 'இ ப்ரோக் இ ஃபுட்'னு ஒருத்தர் சொன்னா கால் ஒடஞ்சிருக்குன்னு தெரியும், ஆனா முட்டிக்கு மேலயா, கணுக்காலா, பாதமான்னு தெரியாது. ஒடஞ்சது அவனுக்கா அவளுக்கான்னு கூட அந்த 'இ' சொல்லாது. ரெண்டையும் கேட்டுட்டு எழுதுங்க.