கே.ஆர்.எஸ். வேறு, கே.ஆர்.பி. வேறு

ஆடி பிறந்துவிட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் தவறாமல் சுற்றும்: ‘கே.ஆர்.பி. அணை திறப்பு, ஒகேனக்கல்லுக்கு வெள்ள அபாயம்’. அனுப்புகிறவர் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார். ஆனால் கே.ஆர்.பி. தண்ணீர் ஒரு சொட்டுகூட ஒகேனக்கல் பக்கம் போகாது.

கிருஷ்ணகிரியை ஒட்டியிருக்கும் கே.ஆர்.பி., தென்பெண்ணையின் அணை. நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி., சாத்தனூர் என்று இறங்கி, கடலூர் அருகே கடலில் கலக்கும் தனி ஆறு அது. காவிரிக்குத் துணையாறு இல்லை. ஒகேனக்கல் இருப்பதோ காவிரியில். அதற்குக் கவனிக்க வேண்டியவை கர்நாடகத்தில் இருக்கும் மாண்டியா மாவட்டத்துக் கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜசாகர்) அணையும், மைசூரு மாவட்டத்துக் கபினி அணையும்தான்.

இதைவிட ஆபத்தான தப்பு, ‘இங்கே மழையே இல்லையே’ என்று நம்பி ஆற்றில் இறங்குவது. தென்மேற்குப் பருவமழை கொட்டுவது குடகிலும் வயநாட்டிலும். பக்கத்துப் பென்னாகரத்தில் வெயில் காயும்போதே ஒகேனக்கல் ஐந்தருவி மூழ்கிக் கிடக்கும், பரிசல் ஓடாது. பதினெட்டாம் பெருக்குக்கு வேன் பிடித்து வந்தவர்கள், தடுப்பு போட்ட போலீஸ்காரரிடம் வானத்தைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை.

தென்பெண்ணைக்குப் பெரிய சோதனை வருவது வடகிழக்குப் பருவத்தில். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. சாலையோரம் நின்ற வேன்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. அப்போது கே.ஆர்.எஸ். நிலவரம் பார்த்து என்ன பிரயோசனம்?

‘மேட்டூர் திறந்தாச்சு, ஒகேனக்கல் தாங்குமா?’ என்றும் கேட்கிறார்கள். மேட்டூர், ஒகேனக்கல்லுக்குக் கீழே!

கன அடிக் கணக்கிலும் கோட்டை விடுகிறோம். நேற்று 20 ஆயிரம், இன்று 30 ஆயிரம், ஆக 50 ஆயிரம் என்று கூட்டக் கூடாது. அது விநாடிக்கு வரும் அளவு. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால்தான் 1 டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி.

தர்மபுரி முழுக்கக் காவிரிப் படுகை என்பதும் சரியில்லை. பாலக்கோடு பக்கத்துச் சின்னாறு ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்கிறது. பாப்பிரெட்டிப்பட்டி வாணியாறோ தென்பெண்ணைக்குப் போகிறது. ஆகவே ஒகேனக்கல் கிளம்புகிறவர்கள், மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவின் நீர்வரத்தைப் பாருங்கள். தென்பெண்ணைக் கரை அனுமன்தீர்த்தம் போகிறவர்கள் கே.ஆர்.பி.யில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.